துடிமீனும் காமாக்கதிரும்

விழா மலருக்குத் தமிழாசிரியரொருவர் கட்டுரை தருவாராயின், அது சங்கச் செய்யுளைப் பற்றியோ காப்பிய மாந்தரைப் பற்றியோ அமையுமென்று படிப்போர் எண்ணுதல் இயல்பு. இம்முறை வானநூற் பொருளொன்றை எடுத்துக்கொள்ள நேர்ந்தமைக்குக் காரணம் ஒரு சொல்லேயாம். ‘பல்சார்’ என ஆங்கிலத்தில் வழங்கும் விண்பொருளைத் தமிழில் எவ்வாறு குறிப்பது என விஞ்ஞான வகுப்பு மாணவர் சிலர் வினாவினர். துடிப்பு விண்மீன் என்பாரும் துடிப்பான் என்பாரும் உளர். முன்னது நெடிது, பின்னது ஏதோவோர் இயந்திர உறுப்பின் பெயர்போல ஒலிப்பது. மீன் என்பது விண்மீனைக் குறித்து வருதல் பழந்தமிழ் வழக்காதலின், துடிமீன் என்பது சுருக்கமும் தெளிவும் உடையதாகும். இக்கட்டுரையில் அச்சொல்லையே ஆளுவேன்.

சொல் கிடைத்தபின் பொருளை ஆராயப் புகுந்தால் வேடிக்கையொன்று புலனாகின்றது. இம்மீன் துடிப்பதேயில்லை. ஆங்கிலப் பெயரும் தமிழ்ப் பெயரும் ஒருங்கே பொருந்தாப் பெயர்கள். 1968ஆம் ஆண்டில், இப்பொருள் யாதென்று எவரும் தெளியுமுன்னரே, இலண்டன் நாளிதழொன்றில் ‘பல்சார்’ என்னும் பெயர் அச்சேறிவிட்டது. பெயர் முந்திக்கொண்டது, உண்மை பின்னர் வந்தது. அவ்வுண்மை யாது, துடிப்பெனத் தோன்றுவது அம்மீனைச் சார்ந்த எவ்விடத்தே பிறக்கின்றது என்பனவே இங்குக் கூறப்புகுவன. இரண்டாம் வினாவுக்கு விடைதேடி அரை நூற்றாண்டுக்கு மேற் கழிந்தது. தேட்டம் இன்னும் முற்றுப்பெறவில்லை.

இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் நகருக்கு அண்மையில், நாலரை ஏக்கர் நிலத்தில், ஆயிரத்துக்கு மேற்பட்ட மரக்கம்பங்களை நாட்டி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட உணர்கொம்புகளைக் கம்பிகளாற் பிணைத்து வானொலித் தொலைகாட்டியொன்று அமைக்கப்பட்டது. அதனைத் திட்டமிட்டவர் பேராசிரியர் அந்தனி ஹியூவிஷ். கம்பம் நாட்டியவர்களுள் ஒருவர் அவரிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்த ஜோசலின் பெல் என்னும் வட அயர்லாந்துப் பெண். மிகத் தொலைவிலுள்ள குவேசார்கள் என்னும் பொருள்களிலிருந்து வரும் வானொலியலைகள், சூரியனிலிருந்து வீசும் துகட்காற்றினூடே வரும்போது மினுமினுக்கும். அம்மினுமினுப்பை அளப்பதே கருவியின் நோக்கம். மினுமினுப்பு விரைவானது. ஆதலின் கருவியும் விரைவாகப் பதியவல்லதாய் அமைந்தது. அக்காலத்து ஏனைய வானொலித் தொலைகாட்டிகள் பெரும்பாலும் நெடுநேரச் சராசரியைப் பதிவனவாதலின், விரைவான துடிப்பு அவற்றிற் கரைந்து மறைந்துபோயிருக்கும்.

1967ஆம் ஆண்டு யூலை மாதத்திற் கருவி இயங்கத் தொடங்கிற்று. எழுதுகோல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 அடிக் காகிதத்தில் நெளிகோடு வரைந்துகொண்டே சென்றது. அத்தனையையும் கண்ணாற் பார்த்து வகைப்படுத்தும் பணி பெல் அம்மையாருடையது. நூற்றுக்கணக்கான அடி நீளத்தில் ஓரங்குலங் கொள்ளாத ஒரு கிறுக்கல் அவர் கருத்தை ஈர்த்தது. அது குவேசாரின் மினுமினுப்பும் அன்று. மோட்டார் வண்டி முதலியவற்றால் விளையும் இடையூறும் அன்று. முன்னைய காகிதங்களைப் புரட்டியபோது, வானத்தின் அதே இடத்திலிருந்து முன்னரும் அது வந்தமை தெரிந்தது. நாடோறும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தி வந்தது. விண்மீன்கள் உதிக்கும் ஒழுங்கு அதுவேயாம். மனிதர் இயற்றும் கருவிகள் சூரியக் கணக்கிலேயே இயங்குவன. நவெம்பர் 28ஆந் திகதி காகிதத்தை விரைந்து ஓடச்செய்து பதிந்தபோது, 1.337 செக்கனுக்கு ஒருமுறை தவறாது வரும் துடிப்புத் தெளிவாயிற்று.

வேற்றுலக மாந்தர் அனுப்பும் குறிப்போ என்று ஆராய்ச்சிக்குழுவினர் அரை விளையாட்டாகவும் அரை அச்சத்தோடும் எண்ணியதுண்டு. அவ்வாறாயின் அவர் வாழும் கோள் தன் சூரியனைச் சுற்றுதல்வேண்டும். துடிப்பின் இடைவெளியும் அதற்கேற்ப நீண்டுங் குறுகியும் வருதல்வேண்டும். பூமியின் இயக்கத்தால் விளையும் மாறுதலையன்றி வேறொன்றும் காணப்படவில்லை. டிசெம்பர் 21ஆந் திகதி இரவு, வானத்தின் மற்றொரு பகுதியிலிருந்து இரண்டாவது துடிப்பைப் பெல் கண்டார். இரு திசைகளிலுள்ள இரு சாதியார் ஒரே காலத்தில் ஒரே வகையாக நம்மை அழைத்தல் நம்பத்தக்கதன்று. 1968 பெப்புருவரி 24ஆந் திகதி செய்தி ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

1974ஆம் ஆண்டின் நோபெற் பரிசு ஹியூவிஷுக்கும் மாட்டின் றைலுக்கும் வழங்கப்பட்டது. காகிதத்திற் கிறுக்கலைக் கண்டவர் பெயர் அதில் இல்லை. வானநூலறிஞர் பிரெட் ஹொயில் இதனை வெளிப்படையாகக் கண்டித்தார். பெல் அம்மையாரோ தாம் குறைப்படவில்லை என்றே பலமுறை கூறியுள்ளார். 2018இல் 30 இலட்சம் டொலர் கொண்ட வேறொரு பெரும் பரிசு அவருக்குக் கிடைத்தபோது, பௌதிகத் துறையில் வாய்ப்புக் குறைந்த வகுப்பு மாணவரின் ஆராய்ச்சிப் படிப்புக்கென அதனை முழுவதும் அளித்துவிட்டார். மாணவர் இதனைப் படிக்கவேண்டுமென்பதற்காகவே பொருளினின்று சற்று விலகிக் கூறினேன்.

நிற்க. ஒழுங்கான துடிப்பு மூன்று வழிகளாலேயே விளையக்கூடும். விண்மீன் விரிந்து சுருங்கலாம். இரு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றலாம். ஒரு விண்மீன் தன்னச்சிற் சுழலலாம். தொடக்கத்தில் அறிஞர் பலர் முதலாவதையே கருதினர். துடிமீன் என்ற பெயரும் அதற்கே பொருந்தும். எரிபொருள் தீர்ந்து பூமியளவுக்குச் சுருங்கிய வெண்குறுமீனோ, அதனினும் நெருங்கிய நியூத்திரன் மீனோ இதயம்போல் விம்மித் தாழ்கின்றதென எண்ணினர். வழக்கை முடித்துவைத்த சாட்சி நண்டு நெபுலாவிலிருந்து வந்தது.

1054ஆம் ஆண்டு யூலை 4ஆந் திகதி இடபராசியிற் புதிய விண்மீனொன்று தோன்றியதைச் சீன அரசவை வானியலார் குறித்துவைத்தனர். 23 நாள் பகலிலும் தெரிந்த அவ்விண்மீன் 1056ஆம் ஆண்டில் இராக் காட்சியினின்றும் மறைந்தது. அதன் சிதறல்களே இன்று நாம் காணும் நண்டு நெபுலா. தொலைவு ஏறத்தாழ 6,500 ஒளியாண்டு. 1968ஆம் ஆண்டின் இறுதியில் அந்நெபுலாவின் நடுவே துடிமீனொன்று உண்டென்பது வெளியாயிற்று. அது துடிக்கும் இடைவெளி 33 மில்லிசெக்கன். செக்கனுக்கு ஏறத்தாழ 30 முறை. அடுத்த ஆண்டு சனவரியில் அரிசோனாவிலுள்ள வானாய்வகத்தார், அதனிடத்திலிருந்து வரும் கட்புலனாகும் ஒளியும் அதே ஒழுங்கில் விட்டுவிட்டு வருதலைக் கண்டனர். அவ்விண்மீன் நெடுங்காலமாக அறியப்பட்டதே. உலகின் பெரிய தொலைகாட்டிகளெல்லாம் அதனைப் படம்பிடித்திருந்தன. அத்தனை விரைவில் அணைந்தெரிவதைக் கண்ணும் அறியாது, நெடுநேரம் ஒளியேற்றும் படத்தகடும் அறியாது.

செக்கனுக்கு 30 முறை என்பது பெருந்தடை. வெண்குறுமீன் அவ்விரைவில் விம்மித் தாழ இயலாது. அவ்விரைவிற் சுழலுமாயின் சிதறிப்போகும். நியூத்திரன் மீன் விம்மித் தாழுமாயின் அதனினும் பன்மடங்கு விரைவாக நிகழும். இரு மீன்கள் அத்துணை நெருங்கிச் சுற்றுமாயின், சத்தியை இழந்து மேன்மேலும் நெருங்கிச் சுற்றின் விரைவு கூடுதல்வேண்டும். நண்டுத் துடிமீனோ மெல்ல மெல்லத் தாமதிக்கின்றது. அதன் இடைவெளி நாடோறும் ஏறத்தாழ 36 நானோசெக்கன் நீளுகின்றது. நானோசெக்கனாவது செக்கனை நூறு கோடி கூறிட்ட ஒரு கூறு. சுழலும் பொருளே சத்தியைச் செலவிட்டு இவ்வாறு தளரும். எனவே துடிமீன் என்பது சுழலும் நியூத்திரன் மீன் என்பது முடிந்த முடிபாயிற்று. கலங்கரை விளக்கம் தான் அணையாது சுழல, கப்பலிலிருப்போன் அது விட்டுவிட்டு மின்னுவதாகக் காண்பதுபோன்றதே இத்துடிப்பு. இக்கருத்தை 1968இலேயே தோமஸ் கோல்ட் கூறி, துடிப்புத் தாமதித்தல்வேண்டுமென்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

நியூத்திரன் மீனைப்பற்றிய எண்ணம் துடிமீனினும் முந்தியது. 1932இல் சட்விக் நியூத்திரனைக் கண்டறிந்தார். இரண்டே ஆண்டுகளில், வோல்ட்டர் பாடேயும் பிரிட்ஸ் சுவிக்கியும், பெரிய விண்மீன் வெடிக்கும்போது அதன் நடுப்பகுதி நியூத்திரன்களாலான சிறு கோளமாக ஒடுங்குமென எழுதினர். எந்நிறைக்கு மேற்பட்டால் ஒடுங்குதலைத் தடுக்கவியலாது என்பதற்கு அடிப்படையான கணக்கைச் செய்தவர் தமிழ்க் குடும்பத்திற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது 19 வயதினரான அவர், அப்பயணத்திலேயே அக்கணக்கைத் தொடங்கினார். சூரிய நிறையின் ஏறத்தாழ 1.4 மடங்கான அவ்வெல்லை இன்றும் அவர் பெயராலேயே வழங்கும்.

அத்துணை நிறையும் எவ்வளவு இடத்தில் அடங்குகின்றது? கோளத்தின் குறுக்களவு 20 முதல் 25 கிலோமீற்றர். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் தூரத்தினும் குறைவு. அதன் பொருளில் ஒரு கன சென்ரிமீற்றர் பல கோடி தொன் நிறையுடையது. சுழல் நாற்காலியில் இருப்பவன் நீட்டிய கைகளை மடக்கினால் விரைந்து சுழல்வான் என்பதை மாணவர் அறிவர். பல்லாயிரம் கிலோமீற்றர் அகன்ற கருப்பகுதி இவ்வளவிற்குச் சுருங்கும்போது சுழற்சி செக்கனுக்குப் பல முறையாகின்றது. காந்தப்புலமும் அவ்வாறே செறிகின்றது. பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ அரைக் கவுசு. நண்டுத் துடிமீனின் மேற்பரப்பிலோ இலட்சங் கோடிக் கணக்கான கவுசு.

இனி ஆற்றற் கணக்கைப் பார்ப்போம். இதுவே இப்பொருளின் இதயம் என்பேன். நண்டுத் துடிமீன் தளரும் விரைவைக்கொண்டு அது செக்கனுக்கு இழக்கும் சத்தியைக் கணிக்கலாம். சூரியன் உமிழும் சத்தியின் ஓரிலட்சம் மடங்குக்கும் மேலாகின்றது அது. இங்கே நெடுநாளைய புதிரொன்று அவிழ்ந்தது. நெபுலாவின் நீலவொளி, காந்தப்புலத்திற் சுழன்றோடும் அதிவிரைவு இலத்திரன்கள் வீசுவதென 1953இல் சோவியத்து அறிஞர் சிக்குளோவ்ஸ்கி காட்டியிருந்தார். அவ்விலத்திரன்கள் ஒளிவீசித் தம் சத்தியை இழப்பன. எக்சுக் கதிர் வீசுவன சில ஆண்டுகளிலேயே ஓய்ந்துவிடும். வெடித்து ஒன்பது நூற்றாண்டு கழிந்தபின்னரும் நெபுலா ஒளிர்வதற்கு நாடோறும் புதிய இலத்திரன்களை ஊட்டுவது எது? காந்தமேறிய நியூத்திரன் மீனின் சுழற்சியே ஊட்டுதல் கூடுமென்று, துடிமீன் கண்டுபிடித்த செய்தி வெளிவருமுன்னர், 1967இல் பிராங்கோ பச்சினி எழுதினார். மீன் இழக்கும் சத்தியும் நெபுலாவுக்கு வேண்டிய சத்தியும் ஒத்துவந்தன.

ஆனால் அச்சத்தியுள் வானொலித் துடிப்பாக வெளிவருவது மிகமிகச் சிறு பங்கு. பெரிய ஆலையொன்றின் ஊதல் ஊரெங்கும் கேட்கும். ஊதலைக்கொண்டு ஆலையின் உற்பத்தியை அளக்கலாகாது. துடிமீனின் உண்மைத் தொழில் இரண்டு. ஒன்று, துகள்களை ஒளியின் விரைவை ஒட்டி வீசியெறிதல். அது நெபுலாவை ஊட்டுவது. மற்றது காமாக்கதிர் வீசல். சில துடிமீன்கள் தாம் இழக்கும் சத்தியிற் பத்திலொரு பங்குக்கு மேலும் காமாக்கதிராக உமிழ்கின்றன. எனவே அவற்றின் இயல்பை அறியவேண்டின் ஊதலை விட்டு ஆலைக்குட் புகுதல்வேண்டும்.

ஆலை இயங்கும் முறை பரடே 1831இல் செய்துகாட்டிய தட்டுத் தைனமோவின் முறையேயாம். காந்தப்புலத்திற் சுழலும் கடத்தியின் நடுவுக்கும் விளிம்புக்குமிடையே மின்னழுத்தம் தோன்றும். துடிமீனில் கடத்தியும் காந்தமும் ஒன்றே. நண்டுத் துடிமீனில் இவ்வாறு தோன்றக்கூடிய அழுத்தம் நூறு கோடி கோடி வோல்ற்று அளவினது. அம்மின்விசை ஈர்ப்பினும் பல கோடி மடங்கு வலியதாதலின், மேற்பரப்பிலிருந்து மின்னேற்றத் துகள்களைப் பிடுங்கி, மீனைச் சுற்றியுள்ள வெளியை அவற்றால் நிரப்பிவிடுமென்று 1969இல் கோல்ட்ரைக், யூலியன் என்பார் காட்டினர். காந்தக் கோடுகள் மீனோடு சேர்ந்து சுழலுவன. மீனினின்று விலகுந்தோறும் அவற்றின் விரைவு கூடி, ஓரிடத்தில் ஒளியின் விரைவை எட்டும். அவ்வெல்லையை ஒளியுருளை என்பர். நண்டுத் துடிமீனுக்கு அது அச்சிலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் தூரம். அதற்கு அப்பாற் செல்லும் கோடுகள் மூடிக்கொள்ளாது வெளியே திறந்து ஓடும். அவை புறப்படும் இடம் காந்த முனைகளிலுள்ள சிறு வட்டங்கள்.

இங்கே ஒரு சிக்கல் எழும். வெளி முழுவதும் மின்னேற்றத் துகள்கள் நிறைந்துவிட்டால் அவை மின்புலத்தைத் தணித்துவிடும். துகளை முடுக்க விசை எஞ்சாது. ஆதலின் எங்கோ ஓரிடத்தில் துகள் குறைந்த வெற்றிடம் இருத்தல்வேண்டும். அவ்விடம் எது என்பதிலேதான் அறிஞர் இரு கட்சியாயினர். காந்த முனைக்குச் சற்று மேலே, மீனின் மேற்பரப்பை ஒட்டி என்றனர் ஒரு சாரார். ஸ்டறொக் என்பார் 1971இல் எழுதியதும், றூடர்மன், சதர்லண்ட் என்பார் 1975இல் எழுதியதும் இக்கட்சிக்கு அடிப்படை. ஒளியுருளையை அடுத்த புறவெளி என்றனர் மற்றொரு சாரார். 1986இல் செங், ஹோ, றூடர்மன் ஆகிய மூவரும் இதனை விரிவாக எழுதினர். றூடர்மன் இரு பட்டியலிலும் இடம்பெறுதலைக் காண்க. தாம் முன்பு கூறியதையே பிடித்து நில்லாமை ஆராய்ச்சியாளர்க்கு அழகு.

வழக்கைத் தீர்ப்பதற்கு இயற்கையே நல்லதோர் அளவுகோலை வைத்திருக்கின்றது. உயர்சத்திக் காமாக்கதிர் வலிய காந்தப்புலத்தூடே செல்லுமாயின், இலத்திரனும் பொசித்திரனுமாக மாறி மறைந்துவிடும். பொசித்திரனாவது இலத்திரனை ஒத்து, நேரேற்றமுடைய துகள். மேற்பரப்பை ஒட்டிக் காந்தப்புலம் மிக வலியது. அங்கே பிறக்கும் கதிர்களுள், குறித்ததொரு சத்திக்கு மேற்பட்டவை வெளியேறவே மாட்டா. அக்கதிர்மாலையை வரைந்தால், கோடு செங்குத்துப் பாறையின் விளிம்புபோற் சடுதியாக வீழும். தொலைவிலே பிறப்பின் தடுப்பாரில்லை. கோடு மணற்றிட்டைபோற் படிப்படியாகச் சரியும். வீழ்ச்சியின் வடிவத்தைக் கண்டால் பிறப்பிடம் தெரிந்துவிடும்.

ஆனால் காமாக்கதிரை வளிமண்டலம் நிலத்துக்கு விடுவதில்லை. 1972இல் ஏவப்பட்ட அமெரிக்கச் செய்ம்மதியும், 1975இல் ஏவப்பட்ட ஐரோப்பியச் செய்ம்மதியும் நண்டு, வேலா என்னும் இரு துடிமீன்களின் காமாத் துடிப்பைப் பதிந்தன. வேலா மண்டலம் நம் தென்வானத்தில், அகத்திய மீனுக்குக் கிழக்கே உள்ளது; மார்ச்சு மாத முன்னிரவிற் பார்க்கலாம். துடிமீன் கண்ணுக்குத் தெரியாது. 1968இல் அவுஸ்திரேலியாவிற் கண்டறியப்பட்ட அது, செக்கனுக்கு 11 முறை சுழல்வது. ஏறத்தாழ 1,000 ஒளியாண்டு தொலைவிலுள்ளது. காமாக்கதிரிற் பார்ப்பின் வானத்தில் இடையறாது ஒளிர்வனவற்றுள் அதுவே தலைசிறந்தது. 1991 முதல் 2000 வரை இயங்கிய கொம்ப்டன் செய்ம்மதி இத்தகைய துடிமீன்களின் எண்ணிக்கையை ஏழளவுக்கு உயர்த்திற்று. வீழ்ச்சியின் வடிவத்தை அளக்க அதன் கதிர்க்கணக்குப் போதவில்லை.

2008 யூன் 11ஆந் திகதி பெர்மி என்னும் காமாத் தொலைகாட்டி விண்ணிற் செலுத்தப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே வேலாவின் கதிர்மாலை செம்மையாக வரையப்பட்டது. கோடு படிப்படியாகச் சரிந்தது; பாறை விளிம்பு காணப்படவில்லை. முனைக்கட்சி, காமாக்கதிரைப் பொறுத்தமட்டில், தோற்றது. வேலாவில் வானொலித் துடிப்பும் காமாத் துடிப்பும் ஒருங்கே வாராமையும் இதற்கு இயைந்தது: வானொலித் துடிப்பு முந்தும், காமாத் துடிப்பு இரண்டு முடிகளோடு பிந்தும். வானொலி முனைக்கு அண்மையிலும், காமாக்கதிர் நெடுந்தொலைவிலும் பிறக்கின்றன. கலங்கரை விளக்கத்தின் உவமையையும் இதற்கேற்பத் திருத்தவேண்டும். விளக்கு கோபுரத்தின் உச்சியில் இல்லை, ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் வெறுவெளியில் எரிகின்றது.

பெர்மியின் பணி இத்தோடு நிற்கவில்லை. 2023இல் வெளியான அதன் மூன்றாவது துடிமீன் அட்டவணையில் 294 காமாத் துடிமீன்கள் உள்ளன. வலிகுறைந்த துடிமீனிலிருந்து, பல நூறு சுழற்சிக்கு ஒரு கதிர்தானும் கருவிக்குக் கிட்டுவதில்லை. ஒவ்வொன்றும் வந்த நேரத்தை நுட்பமாகக் குறித்து, ஆண்டுக்கணக்கிற் சேர்த்து, எவ்விடைவெளியில் மடித்தால் அவை ஒன்றன்மேலொன்று குவியுமெனக் கணிப்பொறி தேடும். அட்டவணையில் ஏறத்தாழப் பாதி, செக்கனுக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் மில்லிசெக்கன் துடிமீன்கள். இவை முதுமையில் துணைமீனொன்றின் பொருளை உண்டு மீண்டும் விரைவுபெற்றவை. முதலாவது, 642 முறை சுழல்வது, 1982இற் கண்டறியப்பட்டது.

வானொலியில் ஊமையாயிருந்து காமாக்கதிரில் மட்டும் பேசுவனவும் பல. அவற்றுள் முதற்கண் அறியப்பட்டது ஜெமிங்கா. மிதுனராசியில் 1970களில் காமாக்கதிராற் புலனாகிய இப்பொருளுக்கு ஒத்ததொன்றை வேறு கதிர்களில் இருபதாண்டளவு தேடியலைந்தனர். மிதுனத்தின் காமாப் பொருள் என்பதன் சுருக்கமாகவும், மிலான் நகரத்துப் பேச்சுவழக்கில் ‘அங்கே இல்லை’ எனப் பொருள்படவும் இத்தாலிய அறிஞர் இப்பெயரை இட்டனர். பெயரிடுவோர்க்கு நகைச்சுவையும் வேண்டுமென்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. 1992இல் எக்சுக் கதிரில் அதன் சுழற்சி 237 மில்லிசெக்கன் எனத் தெரிந்தபின்னரே, அங்கே இருப்பது துடிமீனென்பது உறுதியாயிற்று.

வழக்கு முடிந்ததென எண்ணிய வேளையில் நிலத்திலிருந்தே புதிய செய்திகள் வந்தன. மிக உயர்ந்த சத்தியுள்ள காமாக்கதிர் வளிமண்டலத்தைத் தாக்கும்போது துகள்மாரி பொழிந்து, சில நானோசெக்கன் நீடிக்கும் மெல்லிய நீலவொளி தோன்றும். பெரிய ஆடிகளைக்கொண்டு அவ்வொளியைப் பிடிக்கலாம். கட்புலனாகும் ஒளியின் கூறொன்றுக்கு இரண்டு மூன்று இலத்திரன் வோல்ற்றுச் சத்தி என்பதை மனத்திற் கொள்க. 2008இல் கனேரித் தீவுகளிலுள்ள மாஜிக் தொலைகாட்டி, நண்டின் துடிப்பை 2,500 கோடி இலத்திரன் வோல்ற்றுக்கு மேலும் கண்டது. 2011இல் அரிசோனாவிலுள்ள வெரிற்றாஸ் 10,000 கோடிக்கு மேலும் கண்டது. 2016இல் மாஜிக் குழுவினர் ஒன்றரை இலட்சங் கோடிவரை எட்டினர். 2023இல் நமீபியாவிலுள்ள ஹெஸ் தொலைகாட்டிக் குழுவினர், வேலாவின் துடிப்பிலே 20 இலட்சங் கோடி இலத்திரன் வோல்ற்றுச் சத்தியுள்ள கதிர்களைக் கண்டதாக அறிவித்தனர். படிப்படியாகச் சரிந்து முடிந்ததெனக் கருதிய கோட்டுக்கு அப்பால், மற்றொரு கோடு எழுந்து நிற்கின்றது.

இத்தகைய கதிரை எழுப்பும் இலத்திரன் அதனினும் குறையாத சத்தியுடையதாதல்வேண்டும். அத்துணை சத்தியைப் பெறுவதற்குப் புறவெளி வெற்றிடமும் போதுமோ என்னும் ஐயம் எழுந்துள்ளது. இப்பொழுது பலர் கருதுவது, ஒளியுருளைக்கு வெளியே, எதிரெதிர்த் திசைகொண்ட காந்தக் கோடுகள் அடுத்தடுத்து ஓடுமிடத்தில் உண்டாகும் மெல்லிய மின்னோட்டத் தகட்டை. அங்கே கோடுகள் அறுந்து மீளப் பிணையும்போது காந்தச் சத்தி துகள்களுக்குக் கைமாறுகின்றது. 2006 அளவிலிருந்து கணிப்பொறியில் துடிமீனின் சுற்றுவெளியை முப்பரிமாணத்திற் கட்டி ஓட்டிப் பார்க்கின்றனர். அவற்றில் இத்தகடு தானாகவே தோன்றுகின்றது. எனினும் கணிப்பொறிக் காந்தப்புலம் உண்மைப் புலத்தினும் பன்மடங்கு மெலிந்தது. ஆதலின் அதன் விடையை அளவறிந்தே கொள்ளுதல்வேண்டும்.

துடிமீனைப்பற்றி இவ்வளவு நுணுகுவதனால் வேறு துறையார்க்கு ஆவதென்ன என்பார்க்கு ஒன்று சொல்லவேண்டும். அண்டத்தின் பொருளிற் பெரும்பகுதி கண்ணுக்கும் கருவிக்கும் புலப்படாத கரும்பொருள் என்பது இக்கால வானநூலாரின் துணிபு. அதன் துகள்கள் ஒன்றோடொன்று மோதி அழியுமாயின் பொசித்திரனும் காமாக்கதிரும் விளையலாம். 2009இல் பமேலா என்னும் விண்கருவியின் முடிவும், 2013இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக் கருவியொன்றின் முடிவும், பூமியை வந்தடையும் உயர்சத்திப் பொசித்திரன்களின் பங்கு எதிர்பார்த்ததினும் மிகுதியெனக் காட்டின. கரும்பொருளின் தடயம் கிட்டியதென்று சிலர் மகிழ்ந்தனர். ஆனால் துடிமீனும் பொசித்திரனை உற்பத்தி செய்யும் ஆலையன்றோ? பால்வீதியின் நடுவிலிருந்து வரும் மிகையான காமாவொளியைப்பற்றியும் 2009 முதல் இதே பூசல்: கரும்பொருள் என்பர் ஒரு சாரார், தனித்தனி பிரித்தறிய இயலாத மில்லிசெக்கன் துடிமீன்களின் கூட்டம் என்பர் மற்றையோர்.

பொசித்திரன் வழக்கில் ஜெமிங்காவே சாட்சிக்கூண்டில் ஏறிற்று. ஏறத்தாழ 800 ஒளியாண்டு தொலைவில், நம் அயல் என்று சொல்லத்தக்க இடத்தில் உள்ளது அது. மெக்சிக்கோ மலையில் நீர்த்தொட்டிகளை நிரைநிரையாக நிறுத்தி அமைத்த ஹோக் வானாய்வகம், ஜெமிங்காவைச் சூழப் பரந்த காமாவொளி வட்டத்தைக் கண்டு 2017இல் அறிவித்தது. வட்டத்தின் அகலத்தைக்கொண்டு பார்த்தால், துகள்கள் அங்கிருந்து எதிர்பார்த்ததினும் மிக மெதுவாகவே பரவுகின்றன. ஆகவே நம்மை வந்தடையும் பொசித்திரன்கள் ஜெமிங்காவின் பிள்ளைகளல்ல என்றனர் அக்குழுவினர். மீனை அடுத்த வெளியில் மெதுவாகப் பரவுவன அப்பாற் சென்றபின் விரைந்து பரவலாமே என்று வேறு சிலர் மறுத்துக் கணக்கிட்டனர். அவ்வொளி வட்டத்துக்கு வெளியே, ஜெமிங்காவுக்கும் நமக்கும் இடைப்பட்ட வெளியில், துகள்கள் எவ்வாறு செல்கின்றன என்பதை நேரே அளத்தற்குரிய வழியைத் தேடிக்கொண்டிருக்கின்றனர்.